ஓய்வு நேரத்தை இயக்கமாக்கிய தமிழவேள்

தை பிறந்தால் நம் வட்டாரங்களில் பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று பொங்கல் நிகழ்ச்சிகள் களைகட்டிவிடும். கோயில் திருவிழாவாக அல்லாமல், தமிழர் என்ற பெயரில் எல்லாரும் கூடும் இத்தகைய விழாவை 1952-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஓர் இயக்கமாகத் தொடங்கி வைத்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. பத்திரிகையாசிரியர், சீர்திருத்தவாதி என்றே அவரை நாம் அறிந்திருக்கிறோம். மக்களின் ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கிய தலைவர் என்ற முறையிலும் அவரிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

சாரங்கபாணி 1903-இல் தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். 1924-இல், 21 வயதில், சிங்கப்பூருக்கு வந்து ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். பிறகு 'முன்னேற்றம்' இதழில் எழுத்துப் பணி ஆற்றினார். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றது அவருடைய சீர்திருத்த எண்ணங்களுக்கு மேலும் உரமூட்டியது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935 ஜூலை 6-ஆம் நாள் அச்சங்கத்தின் குரலாகத் 'தமிழ் முரசு' வெளிவந்தது. விலை ஒரு காசு. வார இதழாகப் பிறந்த முரசு, இரண்டரை ஆண்டுகளுக்குள் நாளிதழாக வளர்ந்தது.

அந்தக் காலத் தோட்டப்புற வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பால்மரம் வெட்டக் கிளம்பும் தொழிலாளிக்கு மாலையில் லயத்துக்குத் திரும்பினால் என்ன பொழுதுபோக்கு இருந்தது? பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கோயில் திருவிழா வந்தது. பிள்ளைகளுக்கோ தோட்டப் பள்ளி விட்டபின் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. கள் குடிக்காதே என்று கட்டுரை எழுதினால் மட்டும் போதாது, குடிக்காத நேரத்தில் செய்வதற்கு நல்லதொரு வேலையும் வேண்டும். அந்த வேலையைத் தமிழர் திருநாள் கொடுத்தது.

1951-இல் சிதறிக் கிடந்த தமிழர் அமைப்புகளை ஒரே குடையின்கீழ் கொண்டுவரத் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவானது. அதில் முன்னணியில் நின்ற சாரங்கபாணி, அடுத்த ஆண்டுப் பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாட வழி செய்தார். பொங்கலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அது அறுவடை விழா. அதைச் சமயச் சடங்காக அல்லாமல் மொழி, பண்பாட்டு விழாவாக நடத்தினால் இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்ற வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் வரலாம். ஒரு பொது நிகழ்ச்சிக்குத் திட்டமிடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு இங்கே இடமில்லாமல் போகும் என்பதுதான். சாரங்கபாணி அதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டார்.

விழாவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. கட்டுரை, பேச்சு, நாடகம், இசை, விளையாட்டு எனப் பல போட்டிகள் இருந்ததால் பலருக்கும் வேலை இருந்தது. செயலாளர், பொருளாளர், நீதிபதி, மேடை அமைப்பாளர், தொண்டர் என்று ஒவ்வோர் ஊரிலும் புதியவர்கள் பொறுப்பேற்றார்கள். நகரங்களிலும் தோட்டங்களிலும் விழா பரவியது. மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் கூட்டம் நடத்தவும் வரவு செலவு காட்டவும் கற்றுக்கொண்டார் என்றால், அவர் அன்று பெற்றது பொழுதுபோக்கு மட்டுமல்ல.

சிறுவர்களுக்காக அதே 1950களில் முரசின் வழியே 'மாணவர் மணிமன்றம்' தோன்றியது. பிள்ளைகள் எழுதி அனுப்பியவை மணிமன்ற மலரில் அச்சாகின. தன் பெயரை நாளிதழில் பார்த்த தோட்டத்துப் பையன் அடுத்த வாரமும் எழுதினான். அந்தப் பகுதியை வை. திருநாவுக்கரசு போன்ற இளையவர்களிடம் சாரங்கபாணி ஒப்படைத்தார். வாசகர்களாக இருந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் மன்றம் அமைத்து ஒன்றுகூடத் தொடங்கினார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள், ஆசிரியர்கள் பலர் அந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்கள். இன்று நம் நாட்டில் இயங்கும் தமிழ் இளைஞர் மணிமன்றங்களின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் பரிந்துரை வந்தது. தமிழுக்கே அந்த இடம் வேண்டும் என்று சாரங்கபாணி முரசின் வழியே போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கி, எளிய மக்களிடம் ஒவ்வொரு வெள்ளியாகத் திரட்டித் தமிழ் நூலகத்துக்கு உதவினார். 1956-இல் தமிழை முதன்மையாகக் கொண்டு தொடங்கிய அந்தத் துறை 1959-இல் கோலாலம்பூருக்கு வந்தது. திருநாளிலும் மணிமன்றத்திலும் ஒன்றாக உழைத்துப் பழகிய மக்கள் இருந்ததால்தான் இத்தகைய அழைப்புக்கு ஊர் ஊராக ஆதரவு கிடைத்தது என்று கொள்ளலாம்.

அவர் வாழ்வில் கசப்பும் இல்லாமலில்லை. 1963-இல் முரசுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இதழ் சில காலம் நின்றுபோனது. ஊரையே ஒன்று திரட்டியவருக்குத் தம் அலுவலகத்துக்குள்ளேயே பிணக்கைத் தீர்ப்பது எளிதாக இருக்கவில்லை. 1974 மார்ச் 16-ஆம் நாள், தமது 70-ஆவது வயதில் அவர் மறைந்தார். திருநாளும் மணிமன்றமும் அவரோடு முடிந்துவிடவில்லை. அவற்றை நடத்தக் கற்றவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள்.

இன்று அம்பாங், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என எங்கு பார்த்தாலும் நமக்கு மண்டபங்கள் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, ஆதரவாளர்களும் உண்டு. ஆனால், பல நிகழ்ச்சிகளில் அதே நான்கு பெரியவர்கள் எல்லா வேலைகளையும் செய்கிறார்கள். இளையோர் நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள். புறப்பாட நடவடிக்கைக்குப் புள்ளி கிடைத்தால் போதும் என்று நாமும் இருந்துவிடுகிறோம். அடுத்த பொங்கலுக்கு விழாக் கணக்கை ஒரு நான்காம் படிவ மாணவியிடம் கொடுத்துப் பார்க்கலாம். விளையாட்டுப் போட்டியின் விதிகளைப் பதினைந்து வயதுப் பையன்களே வகுக்கட்டும். சில தவறுகள் நேரும். நிகழ்ச்சி அரைமணி நேரம் தாமதமாகலாம். ஆனாலும், அதற்கு அடுத்த ஆண்டு விழாவை எடுத்து நடத்த நம் வட்டாரத்தில் ஆள் இருப்பார்கள்.