தமிழுக்கு விசை தந்த முத்தையா

நாம் இன்று அலுவலகங்களில் காணும் தமிழ்க் கடிதங்களுக்கு வழி திறந்தவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையா ஆவார். 1907இல் மலாயா சென்று, பின்னர் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றினார். ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகளை நாள்தோறும் கண்ட அவருக்கு, தம் தாய்மொழிக்கு அத்தகைய பொறி இல்லாத குறை உறுத்தியது.

ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகளே. நமக்கோ 247! 46 விசைகள் உள்ள பொறியில், விசைக்கு இரண்டாக 92 வடிவங்களே இடம் பெறும். நமது முக்கொம்பில் ஒரே ஆறு காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிவது போல, ஒரே விசை மாற்றுவிசையின் துணையால் இரண்டு எழுத்துகளைத் தரும். அதற்கு மேல் அது தராது. எஞ்சியவற்றை என் செய்வது?

முத்தையா எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தார். கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனியே அமைத்தால் போதும். ஆனால் புள்ளியும் விசிறியும் எழுத்தோடு ஒட்டி நிற்பவை. ஒரு விசையை அழுத்தியதும் தாள் தாங்கிய உருளை ஓரிடம் நகர்ந்துவிடுமே! இங்கேதான் அன்னாரது நுண்ணறிவு வெளிப்பட்டது. சில விசைகளை அழுத்தினால் உருளை நகராதபடி அமைத்தார். இதுவே நகரா விசை. 'கல்வி' என்று அடிக்க வேண்டுமா? முதலில் க, அடுத்துப் புள்ளி, அதன் கீழ் ல, பிறகு விசிறி, அதனோடு வ. கையால் எழுதும் முறைக்கு இது நேர்மாறு. புதிதாகப் பயில்வோர் திணறியதில் வியப்பில்லை. விரல் பழகிய பின் மனம் அதை எண்ணுவதில்லை.

உகர வரிசைதான் மிகக் கடினம். கு, டு, மு, று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவம். ஆகவே பலவற்றுக்குத் தனி விசை தந்தே ஆகவேண்டியிருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் நௌமான் நிறுவனம் அவரது பொறிகளைச் செய்து அளித்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க 'பிஜோ' என்னும் சிறு பொறியும் வந்தது.

1956இல் சென்னை மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் இயற்றப்பட்டது. ஆணைகளைத் தமிழில் அடிக்க ஆட்கள் வேண்டுமல்லவா? ஊர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் பெருகின. பள்ளி இறுதி முடித்த எத்தனையோ பெண்கள் லோயர், ஹையர் தேர்வுகள் எழுதி, வீட்டில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவர்கள் ஆனார்கள். நம் அன்னையரைக் கேட்டால் அந்தச் சத்தத்தை இன்னும் நினைவு கூர்வார்கள்.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கியபோது பொறியின் சுமையும் குறைந்தது. 1999இல் கணினிக்கென 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. அதில் உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். புள்ளியைக்கூடப் பல இடங்களில் அதுவே இட்டுக்கொள்கிறது. ஆயினும் பயிலகத்தில் பழகிய பலர், கணினியிலும் பழைய தட்டச்சு அமைப்பையே கேட்டு வாங்கிப் பயன்படுத்தினர்.