பட்டாணிக்குப் பின்

நுழையும்முன்

பட்டாணிச் செடியைக் கொண்டு மரபியலுக்கு அடித்தளமிட்டவர் கிரிகோர் ஜோகன் மெண்டல் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பட்டாணிக்குப் பின் அவர் வேறொரு செடியைத் தம் ஆய்வுக்குத் தேர்ந்தார். அச்செடி அவருடைய விதிகளுக்கு மாறாகச் சான்று கூறியது. அந்த வரலாற்றைக் கூறுகிறது இப்பாடம்.

உழவர் மகன்

ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியப் பகுதியில், இன்றைய செக் குடியரசின் எல்லைக்குள் அமைந்த ஹெய்ன்சென்டார்ஃப் என்னும் சிற்றூரில், 1822ஆம் ஆண்டு உழவர் குடும்பமொன்றில் மெண்டல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோகன். மரம் சாய்ந்து விழுந்ததில் தந்தை காயமுற்றுப் பணி செய்ய இயலாதவரானபோது, மெண்டலின் படிப்பு நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. தங்கை தெரேசியா தம் திருமணச் சீர்ப்பணத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்காக விட்டுக்கொடுத்தார். பின்னாளில் அத்தங்கையின் மக்களைப் படிக்கவைத்து மெண்டல் நன்றிக்கடன் தீர்த்தார்.

1843இல் புருன் நகரத்துத் துறவியர் மடத்தில் சேர்ந்து கிரிகோர் என்னும் பெயரை ஏற்றார். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850இல் தோல்வியுற்றார். வியன்னா பல்கலைக்கழகத்தில் ஈராண்டு பயின்று திரும்பிய பின்னும், 1856இல் அத்தேர்வு அவருக்குக் கைகூடவில்லை. ஆயினும், துணையாசிரியராகவே இருந்து 14 ஆண்டுகள் மாணவர் விரும்பும்வண்ணம் கற்பித்தார்.

மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை அவர் ஆராய்ந்தார். நெட்டையையும் குட்டையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே அமையும். அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் குட்டை மீண்டும் தோன்றும். இம்முடிவுகளை 1865இல் புருன் இயற்கை அறிவியல் கழகத்தில் இரு கூட்டங்களில் உரையாற்றி, மறு ஆண்டு நூல்வடிவக் கட்டுரையாக வெளியிட்டார். அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு செடியில் கண்டதைப் பொதுவிதி என்று கொள்ளலாகுமா? இவ்வினாவை மெண்டல் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்டார். அதற்கு விடை காண அவர் தேர்ந்த செடிகளுள் முதன்மையானது ஹைரேசியம்.

மலைப்புல்வெளியின் செடி

ஹைரேசியம், சூரியகாந்தியும் சாமந்தியும் அடங்கிய ஆஸ்டரேசி குடும்பத்தைச் சார்ந்தது. அதன் இனங்களுள் மெண்டல் கையாண்ட ஒன்று செம்மஞ்சள் ஹைரேசியம். இன்று பைலோசெல்லா என்னும் பேரினத்தில் வைக்கப்படுகிறது. ஐரோப்பிய மலைகளில், அடர்ந்த காடு முடிந்து மரங்கள் அருகும் உயரத்துப் புல்வெளிகளே இதன் தாயகம். ஆண்டுதோறும் பனி மூடினும் அடித்தண்டு மடிவதில்லை. பனி உருகியதும் மீண்டும் தளிர்க்கும். இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். நடுவிலிருந்து கருமயிர் அடர்ந்த ஒற்றைத் தண்டு எழுந்து உச்சியில் பூங்கொத்தைத் தாங்கும். தண்டைக் கிள்ளினால் பால் வடியும். வேர்ப்பகுதியிலிருந்து கிளைக்கும் ஓடுதண்டுகள் மண்ணின்மேல் படர்ந்து புதுச்செடிகளைத் தோற்றுவிக்கும். விதைகளோ மயிர்க்கற்றையைச் சூடிக்கொண்டு காற்றில் பறக்கும். வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் இச்செடி இன்று களையெனப் பரவியிருப்பதற்கு இவ்விரு வழிகளும் காரணம்.

ஹைரேசியம் என்பது வல்லூற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். வல்லூறுகள் இச்செடியின் பாலால் தம் கண்பார்வையைக் கூர்மையாக்கிக்கொள்கின்றன எனப் பண்டையோர் நம்பினர். மெண்டலின் கண்களுக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது.

ஒரு பூவெனத் தோன்றும் ஹைரேசியம் உண்மையில் பல சிறுபூக்கள் செறிந்த சிரமஞ்சரியாகும். ஒவ்வொரு சிறுபூவிலும் ஐந்து மகரந்தப்பைகள் ஒன்றிணைந்து குழலாக அமைந்திருக்கும். சூலகத்தண்டு அக்குழலின் ஊடாக வளரும்போது அதன்மீது மகரந்தம் அப்பிக்கொள்ளும். எனவே, மொட்டு விரியுமுன்பே நுண்ணிய அச்சிறுபூவைத் திறந்து, சூலகத்தண்டு முறியாமல் மகரந்தப்பைகளை நீக்கியாக வேண்டும். பட்டாணிப் பூவில் செய்ததைக் காட்டிலும் பன்மடங்கு கடினமான பணி இது.

கண் தந்த உழைப்பு

ஹைரேசியத்தில் தேர்ந்த அறிஞராக விளங்கியவர் மியூனிக் நகரத்துக் கார்ல் நேகெலி. 1866ஆம் ஆண்டின் இறுதி நாளில் மெண்டல் அவருக்குக் கடிதம் எழுதினார். நேகெலியே மெண்டலை இச்செடியின்பால் திருப்பிவிட்டார் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. அம்முதற்கடிதத்திலேயே ஹைரேசியத்தைத் தாம் தேர்ந்துகொண்டதை மெண்டல் குறிப்பிட்டிருந்தார். ஏழாண்டுகள் கடிதப் போக்குவரத்து நீடித்தது. உடல் பருத்தவர்க்கு மலையேறிச் செடி தேடுவது எளிதன்று என்று, தம்மையே எள்ளி ஒரு கடிதத்தில் எழுதினார்.

1868இல் மெண்டல் மடத்தின் தலைவரானார். அலுவல்களுக்கிடையே கிடைத்த நேரத்தில், பகலொளி போதாமையால் கண்ணாடியும் குவிவில்லையும் கொண்டு ஒளியைக் குவித்து மொட்டுகளைப் பிளந்தார். 1869இல் கண்கள் களைத்துத் துன்புறுத்தின. பார்வையையே இழக்க நேரிடுமோ என அஞ்சிப் பல மாதங்கள் அப்பணியை நிறுத்திவைத்தார்.

அவ்வாண்டு ஜூன் திங்களில் கழகத்தில் அவர் அறிவித்த கலப்பினங்கள் ஆறு மட்டுமே. அவையும் பட்டாணிக்கு முற்றிலும் மாறாக நடந்தன. பட்டாணியில் கலப்பினத்தின் முதல் தலைமுறை ஒருபடித்தாக அமைந்தது. இங்கோ அது பலவாறாக வேறுபட்டது. பட்டாணியில் அடுத்த தலைமுறை பிரிந்தது. இங்கோ அது தாயைப்போலவே மாறாது நின்றது. தம் விதிக்கு ஒவ்வாத இம்முடிவை மெண்டல் மறைக்கவில்லை. விளக்கம் கூற இயலாத நிலையிலும் 1870இல் அச்சேற்றினார். பட்டாணிக் கட்டுரைக்கு இணையாகப் போற்றத்தக்கது இச்செயல்.

அதன்பின் நிருவாகப் பணியும், மடத்தின்மீது அரசு விதித்த வரியை எதிர்த்த நெடும் வழக்கும் அவரை முழுமையாக ஆட்கொண்டன. 1884 ஜனவரி 6ஆம் நாள் மெண்டல் மறைந்தார்.

விதையில் இருந்த விடை

1900இல் மூவர் தனித்தனியே மெண்டலின் விதிகளை மீண்டும் கண்டறிந்தனர். அப்போதும் ஹைரேசியம் புதிராகவே இருந்தது. 1903இல் டென்மார்க்கைச் சார்ந்த ஆஸ்டன்ஃபெல்டு, ரவுன்கியர் ஆகிய இருவரும் ஹைரேசிய மொட்டுகளின் மேற்பகுதியைக் கத்தியால் சீவி, மகரந்தப்பையையும் சூல்முடியையும் அறவே நீக்கினர். அதன் பின்னும் விதைகள் முற்றின. இவ்வினங்கள் பலவற்றில் சூல், மகரந்தத்தை எதிர்நோக்காமலேயே விதையாகிறது. இதனைக் கருவுறா இனப்பெருக்கம் என்பர். அவ்வாறு தோன்றும் விதையில் தந்தையின் பங்கு இல்லை. ஆகவே சேய், தாயின் மறுபதிப்பாகிறது.

மாறாது நின்ற அடுத்த தலைமுறைக்குக் காரணம் இதுவே. முதல் தலைமுறை வேறுபட்டதற்கும் விடை இதிலிருந்தே பெறப்பட்டது. கருவுறாது பெருகும் செடி, தன்னுள் கலந்து கிடக்கும் பண்புகளைத் தலைமுறைதோறும் வெளிக்காட்டாமல் காத்துவைக்கிறது. முறையாகக் கருவுறும் இனமொன்றுடன் அதனைக் கலந்தபோது, மறைந்திருந்தவை பிரிந்து பலவடிவாய் வெளிப்பட்டன. மெண்டல் கண்ட பிரிதல் இங்கும் நிகழ்ந்தது. ஆனால், ஒரு தலைமுறை முன்னதாகவே நிகழ்ந்துவிட்டது.

இதனை அறிய மெண்டலும் இல்லை. 1891இல் மறைந்த நேகெலியும் இல்லை. நேகெலியிடம் பயின்றவரும், மெண்டல் விதிகளை மீண்டும் கண்ட மூவருள் ஒருவருமான கார்ல் காரன்ஸ், ஹைரேசியம் பற்றி மெண்டல் எழுதிய கடிதங்களை 1905இல் பதிப்பித்தார்.