சுல்தான் கானும் இரண்டு யானைகளும்

செஞ்சியை முற்றுகையிட்ட ஜுல்பிகார் கானுக்கு ஆளிலோ பீரங்கியிலோ குறைவு இருந்ததில்லை. ஔரங்கசீப் பாதுஷாவின் சாம்ராஜ்யமே அவருக்குப் பின்னால் நின்றது. ஆயினும் 1690-ல் ஆரம்பித்த முற்றுகை 1698 வரையில் இழுத்தது. முடிவில் கோட்டை விழுந்தபொழுது, யாரைப் பிடிப்பதற்காக அவ்வளவு பாடும் பட்டார்களோ அந்த ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பி மகாராஷ்டிரம் நோக்கிப் போய்விட்டிருந்தார். கோட்டையைப் பிடித்தவர்கள் அரசனைக் கோட்டைவிட்டார்கள். ராஜகிரியின் உச்சியில் நின்று, கிருஷ்ணகிரியையும் சந்திராயன் துர்க்கத்தையும் இணைத்து ஓடும் மதிலைப் பார்க்கிறவர்களுக்கு, பலம் மிகுந்திருப்பது ஒன்று, அந்தப் பலத்தை வெற்றியாக மாற்றுவது வேறொன்று என்பது விளங்காமற் போகாது.

வக்கீல்களுக்கு இது புதிய விஷயமன்று. டிக்ரி கிடைத்த அன்று கட்சிக்காரன் தேங்காய் உடைக்கிறான். பணம் வசூலாவதற்குள் நிறைவேற்று மனுவும் ஆட்சேப மனுவுமாக அவன் தலை நரைத்துப் போகிறது. சதுரங்கத்திலும் அப்படியே. ஒரு காலாள் அதிகமாய் வைத்திருப்பவன் டிக்ரி பெற்றவன்தான். ஆனால் பலகையில் மிஞ்சி நிற்பவை யானைகளானால், அந்த டிக்ரியை நிறைவேற்றுவது எளிதன்று. (நாம் யானை என்பதைச் சீமையார் கோட்டை என்கிறார்கள், பெயர் எதுவாயினும் நடை ஒன்றே.) தோற்கிற பக்கத்து யானை தூரத்தில் நின்றுகொண்டு அரசனுக்குச் செக் மேல் செக் கொடுத்து உயிரை வாங்கும். 18-ஆம் நூற்றாண்டில் பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிய தற்காப்பை அறிந்தவன், தன் பக்கத்திலிருந்து மூன்றாவது குறுக்கு வரிசையில் யானையை நிறுத்தி எதிரி அரசனை முன்னேற ஒட்டாமல் தடுப்பான்; எதிரியின் காலாள் அவ்வரிசையில் அடியெடுத்து வைத்தவுடன் யானையைப் பின்புறம் கொண்டுபோய்ச் செக் கொடுப்பான்; ஒரு காலாள் குறைவாயிருந்தும் ஆட்டத்தைச் சமமாக்கிவிடுவான். ஆகவே ஜயிக்க விரும்புகிறவனுக்கு அவசரம் ஆகாது. எதிரியின் கைகால்களைக் கட்டி, தன் அரசனுக்கு நிழல் தேடி வைத்து, அதன் பிறகே அவன் கையை நீட்டவேண்டும்.

இந்தப் பொறுமையினால் ஐரோப்பாவையே வியக்க வைத்தவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில் ஸர்கோதாவை அடுத்த மித்தா திவானா என்ற கிராமத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் பிறந்தவர். ஒன்பதாம் வயதில் தகப்பனாரிடம் சதுரங்கம் கற்றார். கற்றது நம் நாட்டு ஆட்டம். அதில் காலாள் முதல் நடையிலும் ஒரு கட்டம்தான் போகும். அரசனையும் யானையையும் ஒரே நடையில் இடம் மாற்றும் சீமை வழக்கம் கிடையாது. போர் மெள்ள மூளும், மெள்ள முடியும்.

ஆங்கில ஆட்சிக்கு மிகவும் வேண்டியவரும் பெருநிலக்காரருமான ஸர் உமர் ஹயாத் கான் அவருடைய திறமையைக் கண்டு தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். சீமை விதிகளைப் பழகவும் வசதி செய்து கொடுத்தார். 1928-ல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களில் ஜயித்து, ஒன்றைச் சமமாக்கி, ஒன்றிலும் தோற்காமல் முதல்வரானார். அடுத்த வருஷம் பிரபு லண்டனுக்குப் போனபொழுது அவரையும் அழைத்துச் சென்றார். அங்கே பழக்கத்துக்காக நடத்திய சிறு பந்தயத்தில் சுல்தான் கான் கடைசி ஸ்தானத்தைப் பங்கிட்டுக்கொண்டார். வின்டர், யேட்ஸ் என்ற இரு ஆங்கில ஆட்டக்காரர்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்தனர். சில மாதங்களுக்குள் ராம்ஸ்கேட்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் அவரே முதல்வர். பிறகு 1932-லும் 1933-லும் அதே பட்டத்தை அடைந்தார். ஆண்ட ஜாதியின் பட்டத்தை ஆளப்பட்ட ஜாதியில் பிறந்தவர் மூன்று முறை கைப்பற்றியது சின்ன விஷயமா?

அவருடைய ஆட்டங்களில் பெரிது, 1930-ஆம் வருஷக் கடைசியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபாபிளாங்காவுடன் ஆடியது. கியூபா தேசத்தவரான கபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன். அதிலும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், குறிப்பாக யானைகள் மிஞ்சும் முடிவுகளில், அவருக்கு நிகர் அருமை. 1924-ல் நியூயார்க்கில் டார்டகோவருக்கு எதிராக அவர் நடத்திய யானை முடிவை இன்றும் மாணாக்கர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் 24-வது நடைக்குள் தம் இரு யானைகளையும் கொடுத்துச் சுல்தான் கானின் ராணியை வாங்கிக்கொண்டார். வழக்கமான கணக்குப்படி ராணிக்கு 9 மதிப்பு, யானைகள் இரண்டுக்கும் சேர்த்து 10. மற்றக் காய்கள் கணக்கில் சமம். ஆக, பஞ்சாபிக்குக் கிடைத்த லாபம் ஒன்றே ஒன்று. அதுவும் காகிதத்தில் மட்டும். ஏனெனில் ராணி எட்டுத் திசையிலும் பாயும், கவனம் தவறினால் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு போகும்.

சுல்தான் கான் பரபரக்கவில்லை. பலகையின் நடுவில் இரு தரப்புக் காலாட்களும் ஒன்றையொன்று அடைத்து நின்றபடியால், அவருடைய அரசனை ராணி எளிதில் நெருங்க முடியவில்லை. அந்த மறைவை அவர் கலைக்கவே இல்லை. யானைகளைத் திறந்த நெடுக்கு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். ராணி தனி ஆள். ஒரு கட்டத்தைத் தாக்குவதற்கு யானைகள் இரண்டு. ராணி காக்கும் இடத்தையும் இரண்டுமாகச் சேர்ந்து அடித்தால் அது நிற்காது. இந்தச் சிறு உண்மையைப் பிடித்துக்கொண்டு 40 நடைகளுக்கு மேல் இறுக்கிக்கொண்டே போனார். 65-வது நடையோடு கபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தப் போட்டியில் சுல்தான் கானுக்கு மூன்றாம் ஸ்தானம். முன்னால் இருந்தவர்கள் ஏவேயும் கபாபிளாங்காவும்.

அடுத்து டார்டகோவருடன் 12 ஆட்டப் பந்தயம்: நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து சமம். 1931-ல் பிராக் நகரத்தில் நடந்த ஒலிம்பியாடில், யானை முடிவுகளுக்கே பேர்போன ரூபின்ஸ்டைனையும் ஜயித்தார். அப்பொழுது உலகச் சாம்பியனாயிருந்த அலெகைனுடன் சமம் செய்தார். அந்த ஒலிம்பியாடில் அவர் முதல் பலகையில் உட்கார்ந்தது எந்த நாட்டுக்காக? இங்கிலாந்துக்காக! 1930-லும் 1933-லும் அப்படியே. ஜயித்தது இந்தியனின் மூளை, புள்ளி ஏறியது இங்கிலாந்தின் கணக்கில். சீமைக் குளிரும் மலேரியாவும் அவரை வாட்டின. பிரபுவின் வீட்டு விருந்தில் அவர் பரிமாறியதைக் கண்டு திகைத்ததாக அமெரிக்க ஆட்டக்காரர் பைன் எழுதி வைத்தார். சுல்தான் கான் வேலைக்காரர் என்ற பேச்சை அவருடைய குடும்பத்தார் பிற்காலத்தில் மறுத்திருக்கின்றனர். அவர் யாராயிருந்தாலும், எந்தப் போட்டிக்குப் போவது, எவ்வளவு காலம் தங்குவது என்பது அவர் கையில் இல்லை.

1933-ஆம் வருஷக் கடைசியில் பிரபு தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935-ல் காடில்கர் என்பவருடன் ஆடிய 10 ஆட்டங்களில் ஒன்றைச் சமமாக்கி மற்ற ஒன்பதையும் வென்றார். அதோடு சரி. 30 வயதை ஒட்டிய காலத்தில், அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரைப் பெரிய போட்டிகள் மறுபடி கண்டதில்லை. அவரை வெளிநாட்டுக்கு அனுப்பவோ, அவரிடம் நாலு பையன்களை உட்காரவைத்துப் பாடம் கேட்கச் செய்யவோ, அன்றைய இந்தியாவில் யாரும் முன்வரவில்லை. அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனம் ஏற்பட்டதே 1951-ல். நம் தமிழ்நாட்டு மானுவல் ஆரன் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். விசுவநாதன் ஆனந்த் 1988-ல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சுல்தான் கானின் கையிலிருந்து நேரே கற்றுக்கொண்டு வந்தவர்கள் என்று சொல்ல அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

அவர் ஸர்கோதாப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு குடும்பஸ்தராக வாழ்ந்தார். 1947-க்குப் பின் அந்த மண் பாகிஸ்தான் ஆயிற்று. பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் பழக்கவில்லை; வேறு உபயோகமான காரியம் பார்க்கும்படி சொன்னதாக அவருடைய மகன் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். 1966-ல் காலமானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-ல். பட்டத்தைப் பாகிஸ்தான் பிரதம மந்திரி பெற்றுக்கொண்டார்.