எம்.சி. ராஜா: பெரம்பூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

எம்.சி. ராஜா என்ற பெயரைக் கேட்டதும் நம் தோழர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு ஒப்பந்தம்தான்: 1932இல் இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் அவர் செய்துகொண்டது. அதை வைத்தே அவரை அம்பேத்கருக்கு எதிரானவர் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. பிறந்தநாளன்று படத்துக்கு மாலையிட்டு, அந்த ஒப்பந்தத்தைப் பற்றி வாய் திறக்காமல் கலைந்துபோவோரும் உண்டு. இரு சாராருக்கும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிறது. திருவள்ளூர் தனித் தொகுதியில் வாக்களிப்பவர்களுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராக உழைப்பவர்களுக்கும் அவருடைய வாழ்க்கை தொலைவில் உள்ள ஒன்றன்று. தனித் தொகுதி என்ற ஏற்பாட்டின் பிறப்பில் அவருக்குப் பங்கு உண்டு. ஆலைத் தொழிலாளர் ஒற்றுமை சாதியால் உடைந்த முதல் பெரும் நிகழ்விலும் அவருக்குப் பங்கு உண்டு.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883இல் பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பள்ளி ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். பாடநூல்கள் எழுதினார். பறையர் மகாஜன சபையை இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய காலத்தில் ராஜா சிறுவன். சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் இருந்த ஆண்டுகளில் சென்னையின் ஆதிதிராவிட மகாஜன சபைப் பணிகளைத் தோளில் சுமந்தவர்களுள் ராஜா முதன்மையானவர். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த 1920இல் சென்னை சட்டமன்றத்தில் இடம்பெற்றார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற அவருடைய தீர்மானம் 1922இல் அரசாணையானது. இன்று வட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழில் உள்ள ஆதிதிராவிடர் என்ற சொல் அரசுப் பதிவேட்டில் ஏறியது இவ்வழியாகத்தான். பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்போருக்கு ஒரு வழக்கறிஞராக நான் சொல்வது இதுதான்: ஆவணத்தில் உள்ள பெயரை வைத்துத்தான் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியும்.

அந்த வெற்றி கிடைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பெரம்பூரில் அவர் வாழ்வின் மிகக் கடினமான முடிவை எடுத்திருந்தார்.

பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921ஆம் ஆண்டின் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1918இல் பி.பி. வாடியா தலைமையில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் அதை நடத்தியது, திரு.வி.க. முன்னணியில் நின்றார். அதற்கு முந்தைய கதவடைப்பின் சுமையிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் மீளாத நேரம் அது. நிலமோ சேமிப்போ இல்லாத ஆதிதிராவிடத் தொழிலாளருக்கு ஒவ்வொரு வாரக் கூலியும் உயிர்நாடி. சங்கத்தின் தலைமையில் அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான இடம் இல்லை. சேர்ந்து பட்டினி கிடக்க அழைத்தவர்கள், சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க அழைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்பதே ராஜாவின் அறிவுரையாகவும் இருந்தது.

அதன்பின் நடந்தது தொழிற்சங்க வரலாறுகளில் சில வரிகளில் கடந்துபோகப்படும் பகுதி. புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் மாதக்கணக்கில் தெருவில் மோதினர். வீடிழந்த ஆதிதிராவிடர்களுக்காக வியாசர்பாடியில் அரசு முகாம் அமைக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டு இறுதியில் பெரம்பூரில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்து, சங்கமும் நொறுங்கியது. நீதிக்கட்சியின் பெருந்தலைவர்கள் இந்த மோதலில் சாதி இந்துத் தொழிலாளர் பக்கம் நின்று, அரசும் அதன் தொழிலாளர் துறையும் ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுப்பதாகக் குற்றம் சாட்டினர். பார்ப்பனரல்லாதார் என்ற பெரிய குடையின்கீழ் தம் மக்களுக்கு இருந்த இடம் எவ்வளவு என்பதை ராஜா அப்போது கண்டுகொண்டார். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார்.

வேலைநிறுத்தத்தை உடைத்தவர்கள் என்று ஆதிதிராவிடத் தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட பழி இன்றும் சில எழுத்துகளில் தொடர்கிறது. அந்தப் பழியை நான் ஏற்கவில்லை. தம்மைச் சமமாக நடத்தாத சங்கத்தின் ஆணைக்குக் கட்டுப்பட எவருக்கும் கடமை இல்லை. ஆயினும் ராஜாவின் வழியில் ஒரு குறை இருந்தது. அவர் தம் மக்களின் பாதுகாப்பை நிர்வாகத்தின் தயவிலும் அரசின் பரிவிலும் வைத்தார். ஆதிதிராவிடத் தொழிலாளருக்கென ஓர் அமைப்பைக் கட்டி, சங்கத்திடமும் நிர்வாகத்திடமும் தனித்தனியே நிபந்தனைகளை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அப்படி ஒரு வழி இருந்தது என்பதற்குச் சான்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பம்பாயில் கிடைத்தது. அங்குள்ள பஞ்சாலைகளில் தலித் தொழிலாளரை நெசவுப் பிரிவில் சேர்ப்பதில்லை. நாடாவில் நூலைக் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்து தொடமாட்டார் என்பது காரணம். கூலி கூடுதலாகக் கிடைத்ததும் அதே பிரிவில்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு வேலை என்ற கோரிக்கையைச் சேர்க்காவிட்டால் ஆதரவு இல்லை என்றார். தயங்கித் தயங்கி அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வேலைநிறுத்தத்தை அவரே எதிர்த்தார். 1938 நவம்பரில், தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பொதுவுடைமையரோடு சேர்ந்து பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தினார். சேர்வதா விலகுவதா என்பது அவருக்குக் கொள்கைப் பிடிவாதமாக இருக்கவில்லை. கோரிக்கைப் பட்டியலில் தம் மக்களின் கோரிக்கை இருக்கிறதா என்று பார்த்தார்.

பெரம்பூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. அதற்குள் தொழிற்சாலைகள் எண்ணூர், மீஞ்சூர் கடந்து கும்மிடிப்பூண்டி வரை வந்துவிட்டன. இங்கே இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் உலை முன் நிற்பவர்களில் கணிசமானோர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். ஆலைக்குப் பக்கத்துச் சேரியைச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கான்ட்ராக்டர் வழியாக வரும் வேலை. சுமை ஏற்றுவது, துப்புரவு, காவல். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், உள்ளூர்க்காரர், வெளிமாநிலத்தவர் எனப் பிரிவினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. புளியந்தோப்பில் எரிந்தது சாதி ஒன்றுதான். இங்கே சாதியோடு மொழியும் கான்ட்ராக்டும் சேர்ந்திருக்கின்றன. வெளிமாநிலத்தவரை விரட்டினால் நமக்கு வேலை கிடைக்கும் என்று பேசும் உள்ளூர்த் தலைவர்களின் பின்னால் நம் இளைஞர்களும் போவதைக் காண்கிறோம். 1921இல் பசியோடு வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடரின் இடத்தில் இன்று நிற்பவர் அந்த ஒடிசாத் தொழிலாளி. அவர்களிலும் எத்தனையோ பேர் தலித்துகள், பழங்குடியினர் என்பது விரட்டச் சொல்பவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

மீண்டும் ராஜாவுக்கு வருவோம். 1926 இறுதியில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு அவரை அகில இந்திய அமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. துணைத் தலைவர்களுள் ஒருவர் அம்பேத்கர். மத்திய சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் உறுப்பினரும் ராஜாவே. இத்தனைக்குப் பிறகும் வட்டமேசை மாநாட்டுக்கு அரசு அழைத்தது அம்பேத்கரையும் இரட்டைமலை சீனிவாசனையும்தான். இந்தப் புறக்கணிப்பு அவருடைய அடுத்த முடிவைப் பாதித்தது என்று பலர் எழுதியுள்ளனர். பாதித்திருக்கலாம். ஆனால் தலைவர்களின் முடிவுகளை மனக்கசப்பு ஒன்றைக்கொண்டே விளக்கிவிடுவது சோம்பேறித்தனம்.

அதுவரை தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்தவர், 1932 தொடக்கத்தில் மூஞ்சேயுடன் கூட்டு வாக்காளர் தொகுதிக்கு உடன்பட்டார். மக்கள்தொகைக்கேற்ப இடஒதுக்கீடு என்பது அதற்கு ஈடு. எண்ணிக்கையில் பார்த்தால் அது அறிவற்ற பேரம் அன்று. ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு மாகாண சட்டமன்றங்களில் ஒதுக்கியவை 71 இடங்கள். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பின் செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தந்தவை 148. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ராஜா பூனா ஒப்பந்தத்தை ஏற்கும்படி வற்புறுத்தியவர், அதில் கையெழுத்திட்டவரும்கூட. இடங்கள் இரட்டிப்புக்கும் மேல் கூடின. அந்த இடத்தில் அமர்பவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைமாறியது. வேட்பாளர் நால்வரைத் தலித் வாக்காளர்களே முதலில் தேர்ந்தெடுக்கும் முறை ஒரு தடுப்பாக வைக்கப்பட்டது; அதற்கும் பத்தாண்டு ஆயுளே விதிக்கப்பட்டது.

விலை எவ்வளவு என்பது 1937 தேர்தலில் தெரிந்தது. சென்னை மாகாணத்தின் 30 தனி இடங்களில் 26ஐக் காங்கிரசு வென்றது. ராஜாவும் சட்டமன்றத்துக்குள் வந்தார். காங்கிரசு பதவியேற்கத் தயங்கிய அந்தச் சில மாதங்கள், இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தார். பிறகு இராஜாஜி முதல்வரானார். 1938இல் ராஜா இரு மசோதாக்களைக் கொண்டுவந்தார்.

முதலாவது, சமூகத் தடைகளை நீக்கும் மசோதா. கிணறு, குளம், பாதை, பேருந்து போன்றவற்றில் தலித்துகளைத் தடுப்பதைச் சட்டவிரோதமாக்கியது அது. பொது வழிகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்ற இரட்டைமலை சீனிவாசனின் 1924 தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் சேர்ந்தது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அத்தகைய தடையை விதிக்கும் எந்த வழக்கத்தையும் நீதிமன்றம் அங்கீகரிக்கக் கூடாது என்ற பிரிவு. மாமூல், வழக்கம் என்ற சொற்களே ஊரின் ஆயுதம். அந்த ஆயுதத்தை நீதிமன்ற வாசலிலேயே பறித்துவிட்டது அது. மசோதா நிறைவேறியது.

இரண்டாவது, கோயில் நுழைவு மசோதா. காங்கிரசின் ஆதரவு கிடைக்கும் என்று நம்பித்தான் அதை முன்வைத்தார். காந்தியின் உண்ணாவிரதமும் அதன்பின் எழுந்த தீண்டாமை ஒழிப்பு இயக்கமும் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை. அவை நடுவே இராஜாஜி அதை எதிர்த்தார். முதலில் மலபாருக்கு மட்டும் சட்டம் போதும் என்றார். மசோதா தோற்றது. தனித் தொகுதிகளில் காங்கிரசு சார்பில் வென்றவர்கள் கட்சியின் பக்கமே நின்றனர். தம் மக்களுக்கான மசோதாவைத் தம் மக்களின் பெயரால் வந்த உறுப்பினர்களின் வாக்குகளாலேயே இழந்தார் ராஜா. காந்திக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். இராஜாஜியை நம்புங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அம்பேத்கர் பின்னாளில் காங்கிரசைப் பற்றி எழுதிய நூலில் இந்த நிகழ்வை விரிவாகப் பதிவு செய்தார்.

திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும், அதனுள் அடங்கிய பொன்னேரி, பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதிகளும் இன்று தனித் தொகுதிகள். இவற்றில் எல்லாக் கட்சிகளும் தலித்துகளையே நிறுத்துகின்றன. வென்றவர் எந்தச் சாதி வாக்குகளை இழக்க அஞ்சுகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய குரல் எழுகிறது அல்லது அடங்குகிறது. 2020 ஆகஸ்டு 15 அன்று, கும்மிடிப்பூண்டி வட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் தேசியக்கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி, நடவடிக்கை எடுக்கப்பட்டு, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே வட்டத்தின் தோக்கமூரில் தலித்துகளைத் தடுத்து நின்ற சுவர் 2023இல்தான் இடிக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் அரசை அசைத்தவை மக்களின் புகார், போராட்டம், ஊடகம், சட்டம். இடஒதுக்கீட்டால் கிடைத்த நாற்காலி தேவைதான். அது இல்லாமல் ஆத்துப்பாக்கத்தில் அந்தப் பெண் தலைவராகவே ஆகியிருக்க முடியாது. கொடிக்கம்பம் வரை நடந்து செல்ல வேறொரு பலமும் வேண்டியிருந்தது.

தோல்விக்குப் பிறகு ராஜா பிடிவாதமாகத் தம் பழைய நிலையைக் காத்துக்கொண்டிருக்கவில்லை. பூனா ஒப்பந்தத்தின் பலனைக் குறித்த ஏமாற்றத்தை மறைக்கவில்லை. 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு தில்லிக்கு வந்தபோது, அதைச் சந்திக்க அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகச் சென்றனர். பத்து ஆண்டுகளுக்கு முன் எதிரெதிராக நின்ற இருவரும், தலித்துகளுக்குப் பாதுகாப்பு இல்லாத அந்த அரசியல் திட்டத்தை ஒரே குரலில் எதிர்த்தனர். அடுத்த ஆண்டு ராஜா காலமானார். சென்னை மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு உரிமைச் சட்டம் 1947இல் வந்தது. அவருடைய 1938 சட்டம், 1955இல் நாடு முழுவதற்குமான தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்படும் வரை நடைமுறையில் இருந்தது.