பழசி ராஜாவின் ஆயத்தம்

நீலகிரி ஜில்லாவின் மேற்கிலுள்ள கூடலூர், பந்தலூர்ப் பிரதேசம் 1877-ம் வருஷம் வரை வயநாட்டுடன் சேர்ந்திருந்தது. அவ்வயநாட்டுக் காடுகளையே அரணாகக் கொண்டு, கும்பினியாரைப் பன்னிரண்டு வருஷம் கலங்கவைத்தவர் கேரளவர்ம பழசி ராஜா. அவரை மலையாளிகளுக்கு மட்டுமே உரியவரென்று நாம் விட்டுவிடலாகாது.

வடமலபார்க் கோட்டயம் ராஜவம்சத்தில் பிறந்த அவர், 1793-ல் கும்பினியார் தமது நாட்டின் வரிவசூலைக் குறும்பரநாட்டு ராஜாவிடம் ஒப்படைத்ததை எதிர்த்து நின்றார். 1797-ல் பெரியா கணவாயில் கும்பினிச் சேனை முறியடிக்கப்பட்டது. 1799-ல் திப்பு மாண்டபின் வயநாட்டைக் கும்பினியார் கோரவே, யுத்தம் மீண்டும் மூண்டது. பின்னாளில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லியாலும் அவரைப் பிடிக்க இயலவில்லை. 1802 அக்டோபரில் எடச்சேன குங்கனும் தலைக்கல் சந்துவும் குறிச்சிய வில்லாளருடன் சென்று பனமரம் கோட்டையை வீழ்த்தினர்.

பீரங்கியின் முன் வில் நின்றது எங்ஙனம்? வடமலபார்க் களரியில் பயில்வோன் கைக்கு ஆயுதம் எளிதிற் கிட்டுவதில்லை. முதலில் உடல் வசப்படவேண்டும், பிறகு கோல், அதன் பின்னரே வாளும் கேடயமும். வேட்டையிற் பழகிய குறிச்சியருக்கோ வில் அன்றாடத் துணை. ஆகவே, போர் வந்த நாளில் அவர்கள் புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றுமிருக்கவில்லை.

1805 நவம்பர் 30-ந் தேதி ராஜா வீழ்ந்தார். மானந்தவாடியில் அவரது சமாதி இருக்கிறது. கும்பினியின் ஆள்பலமும் பணபலமும் முடிவில் வென்றன. எனினும் அப்பன்னிரண்டு வருஷங்கள் தேசத்தொண்டர்களுக்குப் பாடமாகும். தைரியம் ஆபத்து நேர்ந்த தினத்தில் கடன் வாங்கக்கூடிய பொருளன்று. எவரும் பாராட்டாத அமைதி நாட்களில் தேகத்தையும் மனத்தையும் அடக்கிப் பழகியவனுக்கே அது துணைநிற்கும். நம் வாலிபர்கள் இன்றே பழகத் தொடங்குவார்களாக.