அஃபெத் இனான்

அஃபெத் இனான் (1908 - ஜூன் 8, 1985) துருக்கிய வரலாற்றாய்வாளரும் ஆசிரியரும் ஆவார். துருக்கிக் குடியரசின் முதல் அதிபரான முஸ்தபா கமால் அத்தாதுர்க்கின் வளர்ப்பு மகள்களுள் ஒருவர். 1930களில் துருக்கியப் பள்ளிகளின் வரலாற்றுப் பாடத்தை உருவாக்கியதில் இவருக்கு முக்கிய பங்குண்டு.

வாழ்க்கைக் குறிப்பு

ஒட்டோமான் பேரரசின் சலோனிக்கா மாகாணத்தில் பிறந்தார். ஆசிரியையாகப் பணியாற்றியபோது, 1925 இல் இஸ்மீர் நகரில் அத்தாதுர்க்கைச் சந்தித்தார். பின்னர் லோசானிலும் இஸ்தான்புல்லிலும் பிரெஞ்சு மொழி பயின்றார். அங்காராவில் இசை ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் வரலாறும் குடிமையியலும் கற்பித்தார்.

பாடநூல்கள்

துருக்கியரை மஞ்சள் இனத்தவர் என்றும் இரண்டாந்தர மக்கள் என்றும் குறிப்பிட்ட பிரெஞ்சுப் புவியியல் நூலொன்றை 1928 இல் அத்தாதுர்க்கிடம் காட்டினார். அதை மறுக்கும் நோக்கில் துருக்கிய வரலாற்றை எழுதும் பணி தொடங்கியது. 1930 இல் இவரும் பிறரும் எழுதிய "துருக்கிய வரலாற்றின் முதன்மைக் கூறுகள்" 100 படிகள் மட்டும் அச்சிடப்பட்டது. அதன் முன்னுரைப் பகுதி 1931 இல் பள்ளிகளுக்காக 30,000 படிகள் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் துருக்கிய வரலாற்றுக் கழகம் நிறுவப்பட்டது. இவர் அதன் நிறுவன உறுப்பினர். உயர்நிலைப் பள்ளிகளுக்கென நான்கு தொகுதிகள் கொண்ட வரலாற்றுப் பாடநூலும் வெளிவந்தது. நடு ஆசியாவிலிருந்து புலம்பெயர்ந்த துருக்கியரே சுமேரிய, இட்டைட்டு நாகரிகங்களைத் தோற்றுவித்தனர் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

விமர்சனம்

இக்கருத்து சான்றுகளால் நிறுவப்படாமையால் பிற்கால ஆய்வாளர்களால் கைவிடப்பட்டது. இனான் 1937 இல் சுமார் 64,000 பேரின் உடல் அளவீடுகளைத் திரட்டும் ஆய்வில் பங்கேற்று, 1939 இல் ஜெனீவாவில் முனைவர் பட்டம் பெற்றார். இனத் தாழ்வுக் கருத்தை மறுக்க எழுந்த முயற்சி, இன அளவீட்டையே சான்றாகக் கொண்டது இதன் முரண்பாடாகும்.

பிற்காலம்

1950 இல் அங்காரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்காராவில் காலமானார்.