களிமண்ணில் வெள்ளக் கதை கண்ட ஜார்ஜ் ஸ்மித்

மாணவர்களே, 14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திய ஒருவர் அறிஞர் உலகையே வியக்க வைத்த வரலாறு இது.

ஜார்ஜ் ஸ்மித் 1840ஆம் ஆண்டு லண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பணத்தாள் அச்சிடும் தகடுகளைச் செதுக்கும் தொழிலைப் பழக, ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். மதிய உணவு வேளையில் மற்றவர்கள் ஓய்வெடுக்க, அவரோ பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விரைவார்.

இன்றைய ஈராக்கில் உள்ள பண்டைய நினிவே நகரில் தோண்டியெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் அங்கே இருந்தன. அவை 2,600 ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த அசீரிய மன்னர் அசுர்பனிபாலின் நூலகத்தைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள ஆப்பு வடிவ எழுத்துகளை ஸ்மித் சொந்த முயற்சியால் கற்றார். அறிஞர் ஹென்றி ராலின்சன் அவரது திறமையைக் கண்டுகொண்டார். 1867இல் அருங்காட்சியகத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது.

1872இல் உடைந்த பலகை ஒன்றைப் படித்தபோது ஸ்மித் திகைத்தார். பெருவெள்ளம், மலைமேல் தங்கிய கப்பல், நிலம் தேடிப் பறக்கவிடப்பட்ட புறா ஆகியவை அதில் இருந்தன. பைபிளில் வரும் நோவாவின் கதையைப் போலவே இருந்த அது, கில்கமேஷ் காவியத்தின் 11ஆவது பலகை. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள், பிரதமர் கிளாட்ஸ்டன் வந்திருந்த கூட்டத்தில் ஸ்மித் இதை அறிவித்தார். உடனே ஒரு லண்டன் நாளிதழ் செலவை ஏற்று அவரை நினிவேக்கு அனுப்பியது. அங்கே வெள்ளக் கதையின் மற்றொரு துண்டையும் கண்டெடுத்தார்.

எபிரேய வேதக் கதைகள் தனித்துப் பிறந்தவை அல்ல என்பதை இது காட்டியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூதர்கள் பலர் சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனில் வாழ்ந்தனர். அண்டை நாட்டாரின் கதைகளை அறிந்திருந்த எபிரேயர்கள், அவற்றைத் தங்கள் நம்பிக்கைக்கு ஏற்பப் புதிதாகச் சொன்னார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பாபிலோனியக் கதையில் பல தெய்வங்கள் கூடி வெள்ளத்தை அனுப்புகின்றன. எபிரேயக் கதையிலோ மனிதரின் தீமையைக் கண்ட ஒரே கடவுள் அனுப்புகிறார். கதை ஒன்றுதான், அது சொல்லும் கருத்து வேறு.

1876இல் மூன்றாவது பயணத்தின்போது நோயுற்ற ஸ்மித், சிரியாவின் அலெப்போ நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 36. அவர் படித்த அந்தப் பலகையை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காணலாம். உணவு வேளையில் கிடைத்த சிறுபொழுதுதான் அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம்.